தலைக்கு மேல் வெள்ளை!

முதல் நரையை யாரும் தானாகக் கண்டுபிடிப்பது கிடையாது. அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பஸ்ஸில் பின் சீட்காரர், ஆபீஸில் பக்கத்து டேபிள், சலூன்காரர், ஊரிலிருந்து வந்த அத்தை... இவர்களில் ஒருவர்தான் அந்தத் திருப்பணியைச் செய்கிறார். "சார், தலையில பஞ்சு ஒட்டிட்டிருக்கு" என்று கரிசனமாகக் கையை நீட்டுவார். எடுக்கப் பார்ப்பார். வராது. "ஓ... ஸாரி சார்" என்பார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள்கூட அவ்வளவு உருக்கமாகச் சொல்ல மாட்டார்கள்!

அன்று ராத்திரியே பாத்ரூம் கண்ணாடி முன்னால் ரகசியமாக ஒரு ஸ்டாக் டேக்கிங் நடக்கும். ஒன்று, இரண்டு, மூன்று... பதினேழு வந்ததும் எண்ணுவதை நிறுத்தி விடுவோம். கதவைத் தட்டி, "உள்ளே என்ன பண்றீங்க?" என்று வீட்டில் கேட்பார்கள். "ஒண்ணுமில்லை" என்போம். பி.காம். படித்தவனுக்கு இதற்கு ஒரே பெயர்தான் தெரியும்: டிப்ரிசியேஷன். ஆனால் பாடப் புத்தகத்தில் சொன்ன எந்த மெத்தடிலும் இது அடங்காது. முதல் வருஷம் நாலு, அடுத்த வருஷம் நாற்பது. அதற்கப்புறம் எண்ணுவதற்குக் கறுப்பு முடியைத் தேட வேண்டியிருக்கும்.

நரை ஒன்றும் லேசுப்பட்ட சமாசாரம் இல்லை. அதற்குப் பெரிய இலக்கிய அந்தஸ்து உண்டு. தசரதச் சக்ரவர்த்திக்குக் காதோரம் ஒரே ஒரு முடி வெளுத்தது. கண்ணாடியில் பார்த்தார். போதும் ராஜ்ஜியம், ராமனுக்குக் கொடுத்து விடலாம் என்று முடிவு செய்தார். கம்பர் சொல்கிறார். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். கூனி, கைகேயி, வரம், பதினாலு வருஷம் காடு. யோசித்துப் பாருங்கள்... அயோத்திக் கடைத்தெருவில் அன்றைக்கு ஒரு ஹேர் டை பாக்கெட் கிடைத்திருந்தால் ராமாயணமே நடந்திருக்காது!

இன்னொரு பக்கம் பிசிராந்தையார். கோப்பெருஞ்சோழனின் நண்பர். 'இத்தனை வயசாகியும் உங்களுக்கு ஏன் நரைக்கவில்லை?' என்று கேட்டார்களாம். புறநானூற்றில் 191-ஆம் பாட்டாக அவர் பதில் இருக்கிறது. மனைவி நல்லவள், பிள்ளைகள் நல்லவர்கள், வேலைக்காரர்கள் நான் நினைப்பதையே நினைக்கிறார்கள், அரசன் தப்பு செய்வதில்லை, ஊரில் சான்றோர்கள் இருக்கிறார்கள், அதனால் நரைக்கவில்லை என்பது சாராம்சம். இந்த லிஸ்ட்டை நம் ஆபீஸுக்கு மாற்றி டிக் அடித்துப் பாருங்கள். சொன்னதைக் கேட்கிற அட்டெண்டர்? நியாயமான மேனேஜர்? சுற்றி உட்கார்ந்திருக்கும் சான்றோர்? நமக்கு ஏன் இருபத்தெட்டிலேயே நரைத்தது என்பதற்கு வேறு ஆராய்ச்சியே தேவையில்லை.

ஆனாலும் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 2020-ல் ஹார்வர்டில் எலிகளை மனஉளைச்சலுக்கு ஆளாக்கிப் பார்த்தார்கள். முடிக்குக் கருமை தரும் செல்களின் மூலதனம், அதாவது ஸ்டெம் செல்கள், சில நாட்களிலேயே தீர்ந்து போய் எலிக்கு நரைத்து விட்டது. 2021-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மனிதர்களையே பார்த்தார்கள். ஒருவர் லீவில் போயிருந்த நாட்களில் அவருடைய ஐந்து நரைமுடிகள் பழைய நிறத்துக்குத் திரும்பியிருக்கின்றன. இந்தத் தகவலை வெட்டி எடுத்து அடுத்த லீவ் லெட்டரோடு இணைத்து விடலாம். ஆனால் ஐந்து முடிதான் என்பதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். முழுத் தலையும் கறுக்க வேண்டுமென்றால் சர்வீஸில் மிச்சமிருக்கும் லீவு போதாது. தவிர, பல வருஷமாக வெளுத்துக் கிடக்கும் முடி அப்படித் திரும்பும் என்று யாரும் வாக்குறுதி தரவில்லை.

பெரும்பாலும் நரை என்பது பரம்பரைச் சொத்து. அப்பாவுக்கு முப்பதில் என்றால் பிள்ளைக்கும் முப்பதுக்குப் பக்கத்தில் பட்டா மாறி விடும். 2016-ல் லண்டனிலிருந்து ஒரு குழு நரையோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவைக் கூட அடையாளம் காட்டியது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு இருபத்தைந்துக்கு முன்னால் நரைத்தால் அதை இளநரை என்கிறார்கள் டாக்டர்கள். பி-12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, சிகரெட் இவையும் காரணமாக இருக்கலாம். அதனால் சின்ன வயசிலேயே திடீரென்று நரைத்தால் டை பாக்கெட்டுக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை நல்லது. "ஒண்ணைப் பிடுங்கினா ஒன்பது முளைக்கும்" என்று பாட்டி சொல்வது மட்டும் பொய். ஒன்றைப் பிடுங்கினால் ஒன்றுதான் முளைக்கும். அடிக்கடி பிடுங்கினால் வேர் கெட்டுப் போய் அதுவும் முளைக்காது. நரையா, வழுக்கையா என்றால் எது தேவலை என்று நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

* * *

ஒரு வாசகர் கேட்கிறார்: "நாலு தடவை வீட்டிலேயே டை போட்டு விட்டேன். நடு மண்டை கறுத்து விடுகிறது. கிருதாவும் நெற்றி ஓரமும் மட்டும் வெள்ளையாகவே நிற்கின்றன. என்ன செய்யலாம்?"

நியாயமான கேள்வி. எந்த ஆபீஸிலும் எல்லாரும் கேட்டுக் கொள்ளும்போது ஒருத்தர் மட்டும் "முடியாது சார்" என்று கையைக் கட்டிக் கொண்டு நிற்பார் இல்லையா? தலையில் அந்த ஆள் கிருதாதான். யூனியன் லீடர்.

காரணம் இதுதான். முடியின் மேல்பக்கம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில் செதிலாக அடுக்கியிருக்கும். நிறம் அதற்கு உள்ளே இருக்கிறது. நரைத்த முடியில் பலருக்கு இந்த ஓடுகள் இன்னும் நெருக்கமாக, இறுக்கமாக மூடிக் கொண்டிருக்கும். ஷட்டரை இழுத்துவிட்ட ரேஷன் கடை மாதிரி. சாயம் வெளியே க்யூவில் நிற்குமே தவிர உள்ளே போகாது. அது போக, மற்ற முடியில் ஏற்கனவே கொஞ்சம் கருமை இருப்பதால் நாம் போடும் சாயம் அதன் மேல் ஏறிக் கொள்கிறது. நரைமுடியில் ஓப்பனிங் பேலன்ஸ் பூஜ்யம். எல்லாவற்றையும் நாமே போட்டாக வேண்டும்.

கடையில் வாங்கும் நிரந்தரச் சாயங்கள் வேலை செய்யும் விதம் சுவாரஸ்யமானது. அதிலுள்ள அமோனியா (அல்லது அதன் தம்பி யாராவது) ஓடுகளை லேசாகத் தூக்கி விடுகிறது. பாரா-ஃபினிலீன்-டை-அமின் என்ற பொடிசான, நிறமே இல்லாத மூலக்கூறு உள்ளே நுழைகிறது. பேரைச் சொல்லி முடிப்பதற்குள் தலை காய்ந்து விடும் என்பதால் பி.பி.டி. என்று வைத்துக் கொள்வோம். பின்னாலேயே ஹைட்ரஜன் பெராக்ஸைடு வந்து, இவர்களை ஒருவரோடு ஒருவர் கை கோத்து விடுகிறது. கை கோத்ததும் மூலக்கூறு பெரிசாகி விடுகிறது, கறுப்பாகியும் விடுகிறது. கல்யாண வீட்டுக்கு ஒல்லியாக உள்ளே போனவர், பந்தியில் பின்னி எடுத்து, குண்டாகி, வாசல் வழியாக வெளியே வர முடியாமல் அங்கேயே தங்கி விடுகிறார் பாருங்கள்... அதேதான். எத்தனை ஷாம்பு போட்டாலும் அவர் வெளியே வர மாட்டார்.

இந்தக் கதை ஆரம்பித்ததும் ஒரு மாணவனால்தான். 1856-ல் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயசுப் பையன், மலேரியாவுக்கு க்வினைன் தயாரிக்கிறேன் என்று லீவு நாளில் வீட்டிலேயே எதையோ கலக்க, மருந்து வரவில்லை, ஊதா நிறச் சாயம் வந்தது. அங்கிருந்து செயற்கைச் சாயங்களின் யுகம் தொடங்கியது. 1907-ல் பாரிஸில் யூஜின் ஷூலர் என்ற கெமிஸ்ட் தலைச் சாயம் ஒன்றைத் தயாரித்து சலூன் சலூனாக விற்றார். 1909-ல் கம்பெனி ஆரம்பித்தார். 'தலைமுடிக்குத் தீங்கற்ற சாயங்களின் பிரெஞ்சு நிறுவனம்' என்பது அதன் பெயருக்கு அர்த்தம். அதுதான் பிற்பாடு லோரியல் ஆனது. 'தீங்கற்ற' என்று பேரிலேயே போட்டுக் கொள்ள வேண்டியிருந்தது என்றால் ஜனங்கள் அப்போதே பயந்து கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்!

* * *

சரி, செயல்முறை விளக்கம். சண்டி பண்ணும் கிருதாவை வழிக்குக் கொண்டு வருவது எப்படி?

முதல் நாளே ஷாம்பு போட்டுக் குளித்து விடுங்கள். அதற்கப்புறம் தேங்காய் எண்ணெய் பக்கம் போகாதீர்கள். எண்ணெய் பூசிய ஓட்டின் மேல் சாயம் வழுக்கிக் கொண்டுதான் போகும். தலை நன்றாகக் காய்ந்திருக்கட்டும்.

தியாகம் செய்யத் தயாராக இருக்கும் பழைய பனியன் ஒன்றை அணியுங்கள். நெற்றி ஓரம், காது, பின்கழுத்து மூன்றிலும் தோலில் மட்டும் வாஸலின் தடவுங்கள். இதைச் செய்யாதவர்களைத் திங்கட்கிழமை லிஃப்டில் பார்த்திருப்பீர்கள். காது மட்டும் கறுப்பாக இருக்கும். அந்த வாஸலின் முடியின் மேல் பட்டு விட்டால் அங்கே சாயம் பிடிக்காது. கிருதா வெள்ளையாகவே நிற்பதற்குப் பாதிக் காரணம் நம் வாஸலின் தாராளம்தான்.

பாக்கெட்டோடு வரும் கிளவுஸைத் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் அல்லது பீங்கான் கிண்ணத்தில் கலக்குங்கள். சமையலறை எவர்சில்வர் டவராவை எடுத்தால் சாயத்துக்கும் ஆகாது, வீட்டுச் சமாதானத்துக்கும் ஆகாது. அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே கலக்க வேண்டும். மிச்சத்தை மூடி போட்டு அடுத்த மாசத்துக்குக் கேரி ஃபார்வர்டு செய்யும் வழக்கம் வேண்டவே வேண்டாம். கலந்த பெராக்ஸைடு வாயுவை வெளியே விட்டுக் கொண்டே இருக்கும். மூடி வைத்தால் வெடித்துத் தெறிக்கலாம்.

டெவலப்பரில் '20 வால்யூம்' என்று போட்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்த வால்யூம் எல்லாம் ஷேர் மார்க்கெட் வால்யூம்தான் என்பதால் விசாரித்தேன். ஒரு பங்கு திரவம் இருபது பங்கு ஆக்ஸிஜனை வெளியிடும் என்று அர்த்தமாம். ஆறு சதவிகித பெராக்ஸைடு. நரையை மூட இதுதான் சரி. நாற்பது என்றால் இரட்டிப்பாகப் பிடிக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். அது இருக்கிற கருமையையும் வெளுத்து, தலையைச் செம்பட்டையாக்கி, மண்டைத் தோலையும் பதம் பார்க்கும்.

இப்போதுதான் முக்கியமான கட்டம். எல்லாரும் நடு மண்டையில் ஆரம்பித்துக் கடைசியில் மிச்சம் மீதியைக் கிருதாவில் ஒப்புக்குத் தடவுகிறோம். தலைகீழாகச் செய்யுங்கள். நெற்றி ஓரமும் கிருதாவும் முதலில். பாக்கியெல்லாம் அப்புறம். அடம் பிடிக்கிற பார்ட்டிக்கு அதிக டைம் வேண்டும் என்பது கலெக்ஷன் டிபார்ட்மெண்டில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். சாயத்தை அங்கே தாராளமாக, கெட்டியாக வையுங்கள். வேரிலிருந்து நுனி வரை முடியை முழுசாக மூட வேண்டும். உடனே சீப்பு போட்டு வழித்து எடுத்து விடக் கூடாது.

அடுத்தது பொறுமை. பத்தாவது நிமிஷமே தலை கன்னங்கரேல் என்று தெரியும். "ஆகா, பிடிச்சிடுச்சு" என்று ஓடிப் போய்க் கழுவி விடுவோம். கறுத்தது வெளியே இருக்கும் சாயம் சார்! உள்ளே போன சாயம் இன்னும் கை கோத்து முடிக்கவில்லை. பாக்கெட்டில் எத்தனை நிமிஷம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிஷம் உட்காருங்கள். அதற்காக 'ராத்திரி முழுக்க இருக்கட்டும்' என்று தூங்கியும் போகாதீர்கள். பிறகு தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். அடுத்த தடவை புதிதாக முளைத்த வேர்ப்பகுதிக்கு மட்டும் போட்டால் போதும். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் வளர்கிறது. மூன்றே வாரத்தில் வகிட்டில் வெள்ளைக்கோடு போட்டு விடும். இது ஒரு தடவை செலவில்லை, ரெக்கரிங் எக்ஸ்பெண்டிச்சர். ஆரம்பிக்குமுன் பட்ஜெட்டில் சேர்த்து விடுங்கள்.

நிறம்? அட்டைக்கரி கறுப்பு வேண்டாம். நாற்பது வயசு முகத்துக்கு மேலே காலேஜ் பையன் தலையை ஒட்ட வைத்த மாதிரி இருக்கும். எண் போட்டு வரும் சாயங்களில் 1 என்றால் கறுப்பு. 3, 4 என்பவை அடர்ந்த பழுப்பு. அதில் ஒன்றை எடுத்தால் பக்கத்து டேபிள்காரருக்குச் சந்தேகம் வராது. 'பர்கண்டி' என்று பாக்கெட்டில் அழகான பெண் படம் போட்டிருக்கும். வெள்ளை முடியில் அது பிடித்தால் ஹெட் கிளார்க் தலை சிக்னல் விளக்கு மாதிரி ஆகி விடும். மூன்று செக்ஷன் தாண்டித் தெரியும். மீசைக்கு அதற்கென்று வருவதை வாங்குங்கள். புருவத்துக்கும் இமைக்கும் எந்தச் சாயமும் வேண்டாம். கண் விவகாரம்.

* * *

இதுவரைக்கும் சிரித்தது போதும். இப்போது சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

எனக்கு ஒரு நண்பன். வயசு முப்பத்தொன்று. இளநரை. ரெண்டு வருஷமாக மாசாமாசம் டை போட்டு வந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும், நாலரைக்கு ராகுகாலம் என்பதால் மூன்று மணிக்கே ஏற்பாடு. வெள்ளிக்கிழமை ராத்திரி வழக்கம் போல் டை போட்டான். சனிக்கிழமை மண்டை அரித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை ரெண்டும் இட்லி மாதிரி வீங்கி, நெற்றி வீங்கி, காதோரம் நீர் கோத்துக் கொண்டு... அவன் அம்மா அலறிய அலறலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து விட்டார். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எப்பவாவது எக்ஸிபிஷன், பீச் எங்கேயாவது கையில கறுப்பு மெஹந்தி போட்டுக்கிட்டீங்களா?" நண்பனுக்கு ஆச்சரியம். போட்டிருக்கிறான். ஒரு தேள் படம். அப்போது கொஞ்சம் அரித்தது, விட்டு விட்டான். மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. 'பிளாக் மெஹந்தி' என்று விற்பதில் பல நேரம் இதே பி.பி.டி.யைக் கலந்து விடுகிறார்கள். உடம்பு அதை ஒரு தடவை எதிரி என்று லெட்ஜரில் எழுதிக் கொண்டு விட்டால் அந்த என்ட்ரியை அழிக்க முடியாது. எத்தனையோ வருஷம் ஒன்றும் செய்யாமலிருந்துவிட்டுத் திடீரென்று ஒரு நாள் கணக்குத் தீர்க்கும். இந்த பி.பி.டி.க்கு 2006-ல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை நிபுணர்கள் சங்கம் 'அந்த வருஷத்தின் ஒவ்வாமைப் பொருள்' என்று பட்டமே கொடுத்தது. விருது வாங்கியும் பெருமைப்பட முடியாத ஒரே பார்ட்டி அதுதான்.

இதற்குத் தடுப்பு ஒன்று பாக்கெட்டுக்குள் இருக்கும் காகிதத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். காது பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ ஒரு பொட்டுச் சாயம் வைத்து நாற்பத்தெட்டு மணி நேரம் பார்ப்பது. அரிப்பு, சிவப்பு, தடிப்பு ஏதாவது வந்தால் அந்தச் சாயம் உங்களுக்குக் கிடையாது. ஒவ்வொரு தடவையும் வைத்துப் பார்க்க வேண்டும், "எனக்கு ஒண்ணும் ஆகாது சார், பத்து வருஷமா போடறேன்" என்கிறவர் உள்பட. தலையில் எரிச்சல் வந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் உடனே கழுவுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ வாசலில் வரும் முதல் ஆட்டோ. மிச்சப் பாக்கெட் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. வயிற்றுக்குள் போனால் தொண்டையை அடைத்து, கிட்னியைக் கெடுத்து, உயிருக்கே உலை வைக்கிற பொருள் அது.

நண்பன் கதை முடிவு வேண்டுமா? பெண் வீட்டில் 'ஏதோ விஷக்கடி' என்று சொல்லித் தள்ளி வைத்தார்கள். மூன்று வாரம் கழித்துத் தும்பைப்பூ கிருதாவோடு போனான். தனியாகப் பேச விட்டபோது அந்தப் பெண் முதலில் கேட்டது, "நிஜமாவே விஷக்கடிதானா?" இவன் உண்மையைச் சொன்னான். அவள் சிரித்துவிட்டு, "எங்கப்பாவும் மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை தலையில பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கிட்டு மொட்டை மாடியிலதான் உக்காந்திருப்பார்" என்றாளாம். அப்புறம் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பீர்கள். இல்லை. ஜாதகம் பொருந்தவில்லை!

* * *

பி.பி.டி. ஒத்துக் கொள்ளாதவர்களுக்குப் பாட்டி காலத்து வழி இருக்கிறது. மருதாணியும் அவுரியும். மருதாணி முடியின் புரதத்தோடு ஒட்டிக் கொண்டு செம்மஞ்சள் நிறம் தரும். அவுரி என்பது நீலச் சாயச் செடி. 1917-ல் சம்பாரணில் காந்தியைக் களத்தில் இறக்கிய அதே இண்டிகோதான். நம் திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் பயிரிடுகிறார்கள். சிவப்பின் மேல் நீலம் ஏறினால் கருமை. இவ்வளவுதான் தத்துவம்.

மருதாணிப் பொடியை டீ டிகாக்ஷனில் குழைத்து ராத்திரி வைத்து விட்டு, காலையில் தலையில் அப்பிக் கொண்டு ரெண்டு மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். வெறும் தண்ணீரில் அலசிய பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில், ஒரு சிட்டிகை உப்போடு கரையுங்கள். அவுரிக்குக் காத்திருக்கும் பழக்கம் கிடையாது. பத்து, பதினைந்து நிமிஷத்தில் தலைக்கு ஏறி விட வேண்டும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்து அலசினால் தலை லேசான பச்சையாகத் தெரியும். பதற வேண்டாம். காற்றுப் பட்டு ஒன்றிரண்டு நாளில் கறுத்து விடும். அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரியே முடித்துக் கொள்வது உத்தமம். மருதாணியைத் தாண்டி நேரே அவுரி போட்டால் வெள்ளை முடி நீலப்பச்சை ஆகும். கிளி ஜோசியம்தான் சொல்லப் போக வேண்டும். கிருதா இதற்கும் மசியாவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு ரவுண்டு. ஒரு முக்கிய எச்சரிக்கை. 'ஹெர்பல்' என்று பச்சை இலை படம் போட்ட பாக்கெட்டுகளிலும் பி.பி.டி. ஒளிந்திருப்பது உண்டு. பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். 'நிமிஷத்தில் கறுக்கும் மருதாணி' என்றால் சந்தேகமே வேண்டாம், உள்ளே வேறு ஆள் இருக்கிறார்.

'இதெல்லாம் எதுக்கு? 2011-ல் மங்காத்தாவில் அஜித் அப்படியே நரையோடு வந்து விசில் வாங்கவில்லையா?' என்று கேட்கலாம். வாங்கினார். அதற்கப்புறம் நம்மில் பல பேர் தைரியமாக டை பாக்கெட்டைக் கடாசினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தியேட்டரில் விசில் அடித்த அதே ஆள்தான் மறுநாள் நம்மைப் பார்த்து, "என்ன சார், ரொம்ப டல்லா இருக்கீங்க, சுகரா?" என்று விசாரிக்கிறான்.

எங்கள் தெருவில் ஒரு சார். தனியார் கம்பெனி அக்கவுண்ட்ஸில் இருபத்தாறு வருஷம். டை போடுகிறவர்களைப் பார்த்தால் "என்ன, பெயிண்ட் வேலையா?" என்று கிண்டல் செய்வார். கம்பெனியை மூடி விட்டார்கள். ஐம்பத்திரண்டு வயசில் பயோடேட்டாவைத் தூக்கிக் கொண்டு அலைகிறார். போன மாதம் பார்த்தபோது தலை அடர்ந்த பழுப்பு. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "வயசை மறைக்கலை தம்பி. பயோடேட்டாவுல பிறந்த தேதி கரெக்டா இருக்கு. ஆனா அந்த ரூமுக்குள்ளே நுழைஞ்ச உடனே பேப்பரைப் பார்க்கிறதில்லையே, தலையைத்தானே பார்க்கிறாங்க. நாலு வார்த்தை பேசற வரைக்கும் அவங்களை உக்கார வெக்கணும். அதுக்குத்தான் இது."

அவர் தலைக்கு அவர் மனைவிதான் பின்பக்கம் பிரஷ் போட்டு விடுகிறாராம். ரெண்டு பொண்ணுங்க, ஒருத்தி காலேஜ், ஒருத்தி பிளஸ் டூ. அடுத்த இன்டர்வியூ செவ்வாய்க்கிழமை என்றார். "கையில பொட்டு வெச்சுப் பார்த்தீங்களா சார்?" என்று கேட்டேன். சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கை உள்பக்கம் எட்டணா சைஸில் ஒரு கறுப்பு வட்டம். சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை. "அக்கவுண்டண்ட் இல்லையா, வவுச்சர் இல்லாம பாஸ் பண்ண மாட்டேன்" என்றார்.

போட்டுக் கொள்வதும் விடுவதும் அவரவர் தலை, அவரவர் தேவை. அடுத்தவர் தலையைப் பார்த்துப் பஞ்சு எடுக்கும் பழக்கத்தை மட்டும் நாம் எல்லாரும் நிறுத்திக் கொள்ளலாம். போடுவதென்று முடிவு செய்து விட்டால் வியாழக்கிழமை ராத்திரி முழங்கையில் பொட்டு, சனிக்கிழமை ஷாம்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருதாவில் பிள்ளையார் சுழி.

பின்குறிப்பு: "மொட்டை அடிச்சுக்கிட்டா ஒரு பிரச்னையும் இல்லை, இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று நண்பர் ஒருவர் கேட்கிறார். அவருக்கு 2015-லேயே முழு வழுக்கை.